நாட்டு நாய்தானே, தாங்கும்!

போன வாரம் இந்தப் பக்கம் வரவில்லையே, உடம்புக்கு என்ன என்று நாலைந்து பேர் விசாரித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை. முடியாமல் போனது சந்தனத்துக்கு.

சந்தனம் எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குட்டி. உளுந்தும் மல்லியும் எடுத்த பிறகு எங்கள் பிஞ்சையில் வருஷா வருஷம் கிடை போடுகிற கீதாரி ஒருவர் உண்டு. வேம்பூர் ஆடுகள், காவலுக்கு மூன்று நாய்கள், ஒரு தகரப் பெட்டி, இவ்வளவுதான் அவருடைய சம்சாரம். இந்த வருஷம் அவருடைய பெட்டை நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. ஏழாவது படிக்கிற என் மகன் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை வீட்டுக்கு விடமாட்டான், நேரே கிடைக்குத்தான். கிடை அடுத்த ஊருக்கு நகருகிற அன்றைக்குக் கீதாரி வாசலில் வந்து நின்றார். துண்டுக்குள் ஒரு குட்டி.

"தாயி, பய இதுகளையே சுத்திச் சுத்தி வாரான். ஒண்ண வச்சுக்கிடட்டும்."

இரண்டரை மாதக் குட்டி. சந்தனத்தைக் குழைத்துப் பூசின மாதிரி நிறம், ஒட்டின வயிறு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளக் கால்கள். பெயர் வைக்க யாரும் யோசிக்கவே இல்லை. என் மாமியார் மட்டும், "வாசப்படியத் தாண்டி உள்ள வந்துச்சு, பாத்துக்க" என்று மிரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் பார்த்தால் அவருடைய கட்டிலுக்கு அடியில் குட்டி தூங்குகிறது, அவர் காலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டார்.

வந்து ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் நாலு முறை வாந்தி. கடைசியில் வெறும் மஞ்சள் நுரை. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "அம்மா, டாக்டர்கிட்ட போவோம்மா" என்று அவன் சொன்னது அன்றைக்கு எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டாஸ்பத்திரி கிடையாது. டவுனில் ஒரு தனியார் கிளினிக் சாயங்காலம் திறந்திருக்கும் என்று ஆட்டோக்கார அண்ணன் சொன்னார். எந்த டவுன், எந்த கிளினிக் என்பதெல்லாம் வேண்டாம். இருபுறமும் சீமைக் கருவேல மரமாகவே இருக்கிற அந்த ரோட்டில், மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் குட்டி, தலையை மகன் கைக்குள் வைத்துக்கொண்டே வந்தது.

முன்னறை கடை மாதிரி இருந்தது. மூட்டை மூட்டையாக நாய்த்தீவனம், கலர் கலராகக் கழுத்துப்பட்டை, எலும்பு வடிவத்தில் பிஸ்கட். ஒரு லாப்ரடார், ஒரு பொமரேனியன், ஜடை போட்டு விட்ட ஒரு ஷிட்ஸு. எங்களுக்கு அப்புறம் வந்த ஒரு பக் எங்களுக்கு முன்னால் உள்ளே போனது. அதன் வீட்டுக்காரர் டாக்டருக்குத் தெரிந்தவர்போல. எனக்குக் கோபம் வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. நாளைக்கும் இவரிடம்தானே வரவேண்டும் என்ற நினைப்பு. மனுஷ ஆஸ்பத்திரியிலும் நான் இப்படித்தான்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனோம்.

"என்ன ப்ரீடு?"

"நாட்டு நாய் சார். கிடையில பொறந்தது."

டாக்டர் அப்போது குட்டியை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் பார்க்கவில்லை. மேசையில் வைக்கப் போனேன். "பரவால்ல, கீழயே இருக்கட்டும்" என்றார். எத்தனை தடவை வாந்தி என்று கேட்டார், சொன்னேன். "கண்டதத் தின்னிருக்கும்." உதவியாளர் வந்து பிட்டத்தில் இரண்டு ஊசி போட்டார். என்ன ஊசி என்று கேட்டதற்கு, "வாந்திக்கு ஒண்ணு, சத்துக்கு ஒண்ணு." காய்ச்சல் பார்க்கவில்லை. எடை பார்க்கவில்லை. வாயைத் திறந்து பார்க்கவில்லை. இதற்குள் டாக்டரின் செல்போன் மூன்று தடவை அடித்துவிட்டது.

என் மகன் பொதுவாகப் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்க மாட்டான். அன்றைக்குக் கேட்டுவிட்டான்: "சார், காய்ச்சல் இருக்கான்னு பாக்க மாட்டீங்களா?"

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை, குழந்தையிடம் சிரிப்பதுதான். "நாட்டு நாய்தானே தம்பி, தாங்கும்."

ஒரு டானிக், ஒரு பவுடர், ஒரு கிலோ தீவனப் பொட்டலம், ஊசி, ஃபீஸ். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைவு. குட்டி அன்னம் தண்ணி தொடாமல் கிடக்கிறது, தீவனப் பொட்டலத்தை எதற்கு வாங்கினேன் என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை, நிம்மதிதான் இருந்தது. "தாங்கும்" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேனோ என்னவோ. வழியெல்லாம் மகனிடம் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் பதில் பேசவில்லை.

திங்கட்கிழமை முழுக்க "தாங்கும்" என்றே ஓட்டினோம். பக்கத்து வீட்டு மதினி கால்வாசி பாரசிட்டமாலைப் பாலில் கரைத்துக் கொடு என்றார். மாத்திரையை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குட்டி வாயைத் திறக்காததால் தப்பித்தது. மனுஷருக்கான வலி, காய்ச்சல் மாத்திரைகளில் பல நாய்க்கு ஆகாது, பூனைக்கு ஒரே ஒரு பாரசிட்டமாலே உயிரை எடுத்துவிடும் என்பதெல்லாம் மறுநாள் தெரிந்துகொண்டது. அன்று ராத்திரி கழிச்சல் ஆரம்பித்தது. முதலில் தண்ணீராக, அப்புறம் ரத்தமாக. அந்த வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

மாமியார் எழுந்து வந்து பார்த்தார். மாதுளந்தோல் கஷாயம் வைக்கத்தான் வந்தவர், பார்த்ததும் நின்றுவிட்டார். "ரெத்தக் கழிச்சல் வந்த குட்டி நிக்காதுத்தா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார், பேரன் காதில் விழாமல்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். வாசலில் நாற்பது, ஐம்பது ஆடுகள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடுகிற நாள்போல. டாக்டர் ஒரு சின்னப் பெண். ஆட்டுக்காரர்களிடம் "ஒரு பத்து நிமிஷம்ணே" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "மேசைல வைங்கக்கா" என்றார்.

மேசைல வைங்க. அந்த வார்த்தைக்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் கேள்வி: "ஊசி போட்டிருக்கீங்களா?"

"ஞாயித்துக்கெழம ரெண்டு ஊசி..."

"அது இல்லக்கா. தடுப்பூசி."

நானும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் செய்ததை வரிசையாகவே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தார்: 103.8. நாய்க்கு இயல்பான சூடே 101-இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்குமாம். அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். சந்தனத்துக்கு அதற்கு மேல் ஆனது. தோள்பட்டைக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். உடனே படிய வேண்டியது, கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கியது. உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். எடை 4 கிலோ 100 கிராம். இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தெர்மாமீட்டர் தவிர வேறு கருவியும் இல்லை, ஒரு பழைய தராசைத் தள்ளினால்.

"பார்வோ மாதிரி இருக்குக்கா. டெஸ்ட் பண்ண கிட் இருந்தா பத்து நிமிஷத்துல சொல்லிரலாம், இப்ப கையில இல்ல. அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கவும் நேரம் இல்ல. அதுன்னு வச்சே ஆரம்பிச்சிருவோம்."

முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, ஊசி ஏற்றி, பிளாஸ்திரி போட்டு, குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டினார். அப்புறம்தான் விளக்கினார். இந்த வைரஸைக் கொல்லுகிற மருந்து கிடையாது. வேகமாகப் புதுப்பித்துக்கொள்கிற இடங்களைத்தான் அது பிடிக்கும். குடலின் உள்தோல் ஒன்று, எலும்பு மஜ்ஜை ஒன்று. குடல்தோல் உரிந்து ரத்தம் போகும். மஜ்ஜை அடிவாங்குவதால் வெள்ளையணு குறையும். வேறு கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். நாம் செய்யக்கூடியது எல்லாம், போகிற தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவது, வாந்தியை நிறுத்துவது, மற்ற கிருமிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது. அதற்குள் உடம்பு தானாகச் சண்டை போட்டு மீள வேண்டும். "நாலு நாள் தாண்டிருச்சுன்னா பெரும்பாலும் பொழைச்சிரும். ஞாயித்துக்கெழமையே ட்ரிப்ஸ் ஏத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். யாரிடம் போனீர்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலத்திலிருந்து செவ்வாய் காலை வரை முப்பத்தாறு மணி நேரம். அதைத்தான் நான் ஆயிரம் ரூபாய் கொடுத்து, தீவனப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்று கேட்டார். "யாரையாவது கடிச்சுச்சா? பல்லு, நகம் ஏதும் பட்டுச்சா?" மகன் வலது கையைப் பின்னால் மறைத்தான். இழுத்துப் பார்த்தால் பெருவிரல் பக்கத்தில் மெல்லிய கீறல். விளையாடும்போது பட்டதாம், நாலு நாளாச்சாம். பால் பல் ஊசி மாதிரி இருக்கும் என்று எனக்கும் தெரியும், பார்க்கவில்லை. பார்வோ மனுஷருக்கு வராது. ஆனால் காட்டிலும் மேட்டிலும் திரிகிற, தடுப்பூசி போடாத நாய்களோடு வளர்ந்த குட்டி. வெறிநோய் வந்துவிட்டால் மருந்தே கிடையாது, வருமுன் தடுத்தால்தான் உண்டு. "பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா போட்டுரணும்" என்றார். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே இலவசம். அன்று ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். கடி பட்ட உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன்; நாலு நாள் கழித்து ஆட்டி என்ன? பாஸ்டர் 1885-இல் கண்டுபிடித்த தடுப்பூசி இது. குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தே 1907. இவ்வளவு காலம் கழித்தும் "சின்னக் கீறல்தானே" என்று விடுகிற அம்மாக்கள் இருக்கிறோம்.

தினம் இரண்டு வேளை ஆட்டோ. புதன்கிழமை குட்டி தலையைத் தூக்கவில்லை. வாந்தி நிற்கிற வரை வாய் வழியாக எதையும் திணிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் அத்தையால் அதைத் தாங்க முடியவில்லை. யார் பட்டினி கிடந்தாலும் அவருக்குக் குற்றம். கஞ்சித் தம்ளரை எடுத்துக்கொண்டு வருவார், நான் முறைப்பேன், திரும்பிப் போவார். வீட்டுக்காரர் திண்ணை, முற்றம் எல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார். இந்த வைரஸ் ஃபினாயிலுக்கும் சோப்புக்கும் சாகாது. மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு இன்னொரு தெருவுக்குப் போகும்.

எங்கள் அத்தை ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. "எங்க காலத்துல நாய்க்கு எவன் ஊசி போட்டான்? நாய் வளக்கலையா நாங்க?" அத்தை சின்ன வயசில் வளர்த்த நாய்களுக்கு இந்த நோய் வராததற்குக் காரணம் இருக்கிறது. அப்போது இந்த நோயே கிடையாது! நாய்களைத் தாக்குகிற இந்தப் பார்வோ வைரஸ் உலகத்துக்குத் தெரிய வந்தது 1978-இல்தான். பூனைகளுக்கு வருகிற ஒரு வைரஸின் உறவு. எப்படியோ மாறி நாய்க்குத் தாவியது. இரண்டு வருஷத்துக்குள் உலகம் சுற்றிவிட்டது, 1980-களின் தொடக்கத்தில் சென்னைக் கால்நடை மருத்துவர்கள் இங்கேயும் இருப்பதை எழுதிவிட்டார்கள். அத்தைக்குக் கல்யாணமானது 1974. "அப்ப எனக்குப் பின்னாடி வந்த நோவா?" என்றார், ஏதோ மருமகளைச் சொல்வதுபோல.

வியாழக்கிழமை டாக்டர் கேட்டார்: "குட்டி எங்க வாங்குனீங்க? கூடப் பொறந்தது இருக்கா?" தொற்றினால் அறிகுறி தெரிய மூன்று நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். அங்கிருந்தே கொண்டு வந்திருக்க வேண்டும். கீதாரிக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு போயிருச்சு தாயி" என்றார்.

நரிக்குடிப் பக்கம் ஒரு சம்சாரி பிஞ்சையில் பத்து நாளைக்குக் கிடை பேசியிருந்தார்கள். நாலாம் நாள் ஒரு குட்டி ரத்தமாகக் கழிந்து செத்தது, மறுநாள் இன்னொன்று. பனைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ராவோடு ராவாகக் கிடையைக் கிளப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். காரணம் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. அப்புறம், "அந்தச் சம்சாரி மருந்து வச்சிட்டாருன்னு நெனச்சேன் தாயி. கூலி பேசயில ரெண்டு வார்த்த தடிச்சுப் போச்சு. அதான் மனசுல வச்சிருந்து செஞ்சுட்டாருன்னு..."

இரண்டு குட்டிகள் செத்த துக்கத்தைவிட இது என்னை அதிகமாக உலுக்கியது. மானாவாரி பூமியில் கிடை போடுகிறவரும் சம்சாரியும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிழைக்கிறார்கள். இவருக்கு ஆடு படுக்க இடம், அவருக்கு எரு. ஒரு நோய்க்குப் பெயர் தெரியாததால் ஒரு மனுஷர் விஷம் வைத்தவராகிவிட்டார், அவருக்கே தெரியாமல். கிராமத்தில் நாய்க்குட்டிகள் கூட்டமாகச் செத்தால் முதலில் எல்லாரும் சொல்வது "எவனோ மருந்து வச்சிட்டான்" என்பதுதானே. எத்தனை தெருவில் எத்தனை பேர் இதனால் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்களோ.

டாக்டர் சொன்னதை அப்படியே கீதாரியிடம் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. ஆட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை திண்ணையில் ஒரு சத்தம். வால் தரையில் தட்டுகிற சத்தம். ஒரு தடவை, நிறுத்தி இன்னொரு தடவை. கோழிக்கறி வேகவைத்த தண்ணீரில் குழைத்த சோறு இரண்டு ஸ்பூன் கொடுத்தோம், நின்றது. மகன் அன்றைக்குத்தான் ஐந்து நாளில் முதல் தடவையாகச் சண்டை போட்டான், எதற்கென்றால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று.

இப்போது அந்த முதல் டாக்டரைப் பற்றி யோசிக்கிறேன். ஆறினபிறகு யோசிப்பது வேறு மாதிரி இருக்கிறது. ஐந்தரை வருஷம் படித்துவிட்டு வருகிறவர்கள். மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் ஒரே ஆள் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் கன்று மாட்டிக்கொண்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் போகும். அன்றைக்கு அடித்த மூன்று போனும் அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். அதற்காக, மேசையில் வைக்கவிடாததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்து நிமிஷ வேலை. தடுப்பூசி போட்டாயிற்றா என்ற ஒரு கேள்விக்கு ஐந்து நொடிதான்.

"நாட்டு நாய்தானே" என்பதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நாம் இருப்பது விருதுநகர் மாவட்டம். ராஜபாளையம் இங்கே. சிப்பிப்பாறை இங்கே. ஊர்ப் பெயரையே இனத்தின் பெயராகக் கொண்ட இரண்டு நாய்கள் ஒரே மாவட்டத்தில்! 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்த வழியில் வந்த குட்டி ஒன்று கிளினிக் தரையில் கிடந்தால், "நாட்டு நாய்". எங்கள் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், திருவண்ணாமலை ஆசிரமத்து நாய்களைப் பையன்கள் என்றே சொல்வாராம். பசு லட்சுமிக்கும் மான் வள்ளிக்கும் பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் அங்கே சமாதி இருக்கிறது. ஜாக்கி என்ன ப்ரீடு என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

நாட்டு நாய் தாங்கும் என்பது வெயிலுக்கு, அரைப் பட்டினிக்கு, முள்ளுக்குச் சரி. உண்ணி கடிக்கும் ஓரளவுக்குச் சரி. பார்வோ வைரஸ் சாதி பார்க்காது. சிகிச்சை இல்லாத குட்டிகளில் பெரும்பாலானவை போய்விடும். உடனே சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். அவ்வளவு வித்தியாசம். ஆனால் டாக்டரை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. குட்டி வந்த அன்றே அதற்குக் கழுத்துப்பட்டை வாங்கினேன், தட்டு வாங்கினேன், செல்போனில் இருபது போட்டோ எடுத்தேன். தடுப்பூசி நினைவுக்கு வரவில்லை. கிடையில் பிறந்தது, தாங்கும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். அவர் வாய்விட்டுச் சொன்னார்.

குட்டி வளர்க்கிறவர்களுக்காக டாக்டரிடம் கேட்டு எழுதி வந்தேன். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி. அதற்கப்புறம் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று, நாலு மாசம் முடிகிற வரை. ஒன்றோடு நிறுத்தக் கூடாது. ஏன் என்று கேட்டேன். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிற வரை அது ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் திரும்பத் திரும்பப் போடுவது. அதுவரை தெருநாய் புழங்குகிற இடத்தில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். வெறிநோய் ஊசி தனி. மூன்று மாசத்தில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அந்தச் சமயத்தில் பல ஊர்களில் இலவசமாகவே போடுகிறார்கள், தண்டோராவைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஊசி போட்டால் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். என்ன ஊசி, என்ன தேதி என்று அதில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போட்ட "சத்து ஊசி" என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சந்தனம் இப்போது எழுந்து நடக்கிறது. பின்னங்கால் கொஞ்சம் தள்ளாடுகிறது. பூனையைப் பார்த்துக் குரைக்கப் போய்ப் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு தேறினபிறகு தடுப்பூசி, இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்றிருக்கிறார் டாக்டர். மகனுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி. தினக்காலண்டரில் இரண்டு தேதியையும் அவனே வட்டம் போட்டு வைத்திருக்கிறான். தீவனப் பொட்டலம் பிரிக்காமல் பரணில் இருக்கிறது.

நேற்று ராத்திரி கீதாரி போன் செய்தார். மிச்சமிருக்கிற குட்டி நன்றாக இருக்கிறதாம். அந்தச் சம்சாரி வீட்டுக்குப் போய் வந்தாராம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல தாயி. என்னத்தச் சொல்ல? சும்மா போயி ஒரு காப்பியக் குடிச்சுட்டு வந்தேன். அடுத்த வருசம் நம்ம பிஞ்சைக்குத்தான் மொதல்ல வரணும்னாரு."

பிறகு கொஞ்சம் தயங்கி, நாய் ஒன்றுக்கு ஊசி எவ்வளவு ஆகும் என்று கேட்டார். வருகிற புதன்கிழமை குட்டியையும் மூன்று பெரிய நாய்களையும் கூட்டி வருகிறார். ஆட்டோ அனுப்புகிறேன் என்றேன். வேண்டாமாம். அதுகளுக்கு ஆட்டோ பழக்கமில்லை, குட்டிய மட்டும் துண்டுல போட்டுக்கிட்டு மத்ததுகளோட நடந்தே வந்துருவேன் என்கிறார்.